ஏழாவதாக எண்ணப்பட்டவள்

அந்தக் காலத்தில், பூமியின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தபோது, பறவைகளும் மிருகங்களும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. நாள் என்பதும் இப்போதைய நாள் மாதிரி இல்லை. ஒரே நாளுக்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, தாயோடு சண்டை போடுகிற வயதுக்கு வந்துவிடும். அவ்வளவு நீளமான நாட்கள்.

அப்போது முள் நிறைந்த ஓர் உடைமரத்தில் சருகாயி என்றொரு தவிட்டுக்குருவி குடியிருந்தாள். அவளுக்கு ஏழு பெண்கள். மூத்தவள் முள்ளி வாயாடி, வேலையிலும் கெட்டிக்காரி. அவளும் அடுத்த ஐந்து பேரும் விடிந்ததிலிருந்து சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்குவார்கள். கடைசிப் பெண் பொடிச்சிக்குப் பிறக்கும்போதே ஒரு கால் வளைந்திருந்தது. தரையில் இறங்கினால் சாய்ந்து விழுவாள். ஆகவே கிளையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காமார் கொண்டுவந்து கொடுப்பதைத் தின்பாள். அவ்வளவுதான் அவள் பாடு.

"மகாராணி உலகத்தைப் பார்வையிடுகிறாள், யாரும் குறுக்கே போகாதீர்கள்" என்பாள் முள்ளி. மற்றவர்கள் சிரிப்பார்கள். பொடிச்சியும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் சருகாயிக்குத் தாங்காது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆனதும் ஒவ்வொருத்தியும் தான் புரட்டிய சருகில் ஒன்றை எடுத்துவந்து தாயின் காலடியில் போட வேண்டும். சருகுகளை எண்ணிப் பார்த்து, பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சருகாயி சிறகை மடக்குவாள். எப்போதும் ஆறு சருகு. திரும்பத் திரும்ப எண்ணி அவள் நாக்குக்கு ஆறு என்ற சொல்தான் பழகிப்போயிருந்தது.

ஆண்டவர் உலகத்தைப் படைக்கத் தொடங்கி ஆறாம் நாள் மத்தியானம் அவருடைய தூதர் ஒருவர் காட்டுக்கு வந்தார். உண்டானவை எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டுப் போகச்சொல்லி ஆண்டவர் அனுப்பியிருந்தார். ஒன்று என்பதை ஆண்டவர் தமக்கே வைத்துக்கொண்டார். நான்கு, திசைகளுக்குப் போனது. பன்னிரண்டை மாதங்கள் எடுத்துக்கொண்டன. தேனீ ஆறு சுவர் கேட்டது, ஆவாரம்பூ ஐந்து இதழோடு திருப்தியாகிவிட்டது. காத்திருக்கிறவர்களுக்கென்று நாற்பது இருந்தது. கோழியிடம் நாற்பது நாளை நீட்டினார் தூதர். இத்தனை நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று அது அழுது மன்றாடி, இருபத்தொன்றுக்குக் குறைத்துக்கொண்டு போனது. மனுஷி மட்டும் நாற்பது வாரத்தை ஒரு பேச்சும் பேசாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உடைமரத்தடிக்கு வந்த தூதர், "உனக்கு எத்தனை பிள்ளைகள், அம்மா? நீ சொல்கிற எண்ணைக் காற்றிடம் கொடுத்துவிடுவேன். பிறகு உன் குலத்துக்கு அதுதான்" என்றார்.

சருகாயி வாயைத் திறந்தாள். முள்ளி அவள் காதோரம் வந்து, "ஆறு என்று சொல்லம்மா. ஆறு உழைக்கிறவர்களின் எண். ஏழு என்றால், ஏழாவது என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பார். எதைக் காட்டுவாய்?" என்றாள்.

சருகாயி கிளையை நிமிர்ந்து பார்த்தாள். பொடிச்சி தூதரின் ஒளியையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு வெட்கமாக வந்தது. பெற்றவளுக்கே வெட்கம். பழகின நாக்கு தானாகவே புரண்டது.

"ஆறு, ஐயா."

தூதர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லைக் காற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தது. காடு இருட்டி, அடங்கி, மறுபடியும் வெளுத்தது. ஏழாம் நாள் பிறந்தது. ஆனால் அந்த உடைமரத்தடியில் மட்டும் ஆறாம் நாளின் மத்தியான வெயில் அப்படியே நின்றது. நான்கடி தள்ளியிருந்த புல்லில் விடியற்காலைப் பனி. இங்கே கொதிக்கிற தரை. ஆறு பெண்களும் சருகைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தலாம் என்று பார்த்தால் அலகு நிற்கவில்லை. சாயங்காலம் வராமல் சருகு போட முடியாது, சருகு போடாமல் சிறகு மடங்காது. முள்ளியின் அலகோரம் ரத்தம் கசிந்தது.

"அம்மா, போதும் என்று சொல்லு. நீ சொன்னாலாவது நிற்குமா பார்ப்போம்" என்று அவள் கெஞ்சினாள். சருகாயி சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை.

பிறகு கிளையைப் பார்த்தாள். பொடிச்சி வெளிறிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பின் வழியாக அந்தப் பக்கத்து முள் தெரிந்தது. எண்ணில் சேராதவளை உலகம் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அக்காமார் புரட்டின இடமெல்லாம் எவ்வளவு அழகாயிருக்கிறது தெரியுமா" என்றாள் அந்தப் பிள்ளை, புகை மாதிரி ஒரு குரலில்.

சருகாயி பறந்தாள். எண்ணினவள் எண்ணுக்குள் அடங்காததால் வெயிலைத் தாண்டி அவளால் போக முடிந்தது. அது ஓய்வுநாள்; காடு முழுக்கச் சத்தம் இல்லை. எறும்புகூட நடக்கவில்லை. ஏரிக்கரையில், வெள்ளைப் பாறை ஒன்றின்மேல் ஆண்டவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. மலைகளை நிறுத்தின கைகள் மடியில் சும்மா கிடந்தன. தண்ணீரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கரையில் முளைத்த சின்னக் கோரையைப் பார்த்தார். அவர் பார்த்த இடமெல்லாம், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஒருமுறை சிலிர்த்து, முழுசாக ஆனது. அவருடைய கண்கள் கோரையின் நுனிவரை போய்த் திரும்புகிறவரை ஏரி மூச்சுவிடவில்லை. அவர் உட்கார்ந்திருந்த விதத்தைச் சருகாயி எங்கோ பார்த்திருக்கிறாள். தலையை லேசாகச் சாய்த்து, வாயை மூட மறந்து... தன் வீட்டுக் கிளையில்தான்.

அவள் பாறையடியில் விழுந்தாள். "ஆண்டவரே, ஒரு பிள்ளையை எண்ணாமல் விட்டுவிட்டேன்."

"அவள் என்ன செய்வாள்?" என்று கேட்டார் ஆண்டவர்.

எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அதே கேள்வி. இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. "ஒன்றும் செய்யமாட்டாள், ஆண்டவரே. மற்றவர்கள் செய்ததைப் பார்ப்பாள். நன்றாயிருக்கிறது என்று சொல்வாள். அவ்வளவுதான்."

ஆண்டவர் வெகுநேரம் அவளைப் பார்த்தார்.

"நானும் இன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆறு நாள் செய்தேன், சருகாயி. ஏழாவது இல்லாவிட்டால் அந்த ஆறும் முடியாது. போ, அவளை எண்ணு. காற்றுக்குக் கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அதைவிடச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒருநாளும் விடாமல் சொல்லுங்கள்."

சருகாயி வந்து சேர்ந்தபோது கிளையில் இரண்டு கண்கள் மட்டும் பாக்கி இருந்தன. "ஏழு" என்று கத்தினாள் தாய். ஐந்து பேர் அலகில் சருகோடு கத்தினார்கள். சத்தம் போதவில்லை. முள்ளி தரையைவிட்டு மேலே பார்த்தாள். வெயில் நின்றதிலிருந்து அவள் நிமிர்ந்ததே இல்லை. நொண்டித் தங்கை கரைந்துபோகிற இடத்தைப் பார்த்ததும் அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நாங்கள் ஏழு பேர். ஏழாவது எங்கள் பொடிச்சி."

உடைமரத்தின்மேல் நின்ற வெயில் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சரிந்தது. ஏழாம் நாளின் குளிர்ச்சி உள்ளே வந்தது. கிளையில் முதலில் வளைந்த கால் தெரிந்தது, பிறகு சாம்பல் நிறச் சிறகு, பிறகு முழுப் பிள்ளையும். ஆறு அக்காமாரும் ஏறிப்போய் அவளை நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆறு அலகுகளும் நின்றன. ஆறு ஜோடிச் சிறகுகளும் மடங்கின. சருகாயி காலடியில் ஒரு சருகும் இல்லை. முகங்களைப் பார்த்தே எண்ணி முடித்தாள்.

வேதாகமத்தில் ஏழு என்று வருகிற இடமெல்லாம் நிறைவு என்று பொருள் சொல்வார்கள். ஆறு பாடுபட, ஒன்று பார்த்து நன்றென்று சொல்ல, அப்படித்தான் ஏழு நிறைந்தது. அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழேழாய்த் திரிகின்றன; ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டு ஓயாமல் சத்தமிடுகின்றன; ஆறு கீழே சருகு புரட்டும்போது, ஒன்று மட்டும் கிளையில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.