செம்பகவல்லியின் மூன்றாவது பல்

கதவுகளும் பூட்டுகளும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாட்களில் கதவனூர் என்றோர் ஊர் இருந்தது. முதலில் அந்த ஊரில் நாற்பத்து மூன்று கதவுகள்தான். அவற்றிலும் பதினொன்றுக்குத்தான் பூட்டு. மற்றவை சும்மா சாத்திக் கிடந்தன.

பிறகு ஊருக்கு ஆறு வழிச் சாலை வந்தது. சாலையோடு ஆலை வந்தது, கிடங்கு வந்தது, கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. எட்டே ஆண்டில் கதவுகள் ஆறாயிரத்து எழுபது ஆயின. ஒவ்வொரு கதவிலும் ஒரு புதுப் பூட்டு. எல்லாம் வெளியூர்ப் பூட்டுகள். வரும்போது அவை சாவி கொண்டுவரவில்லை. "சாவி செய்வது எங்கள் வேலையில்லை, அது கல்வித் துறையின் வேலை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டன.

ஆகவே ஊரில் சாவிக் கல்லூரிகள் தொடங்கினார்கள். முதல் ஆண்டு மூன்று. எட்டாம் ஆண்டில் ஐம்பத்தேழு. அதில் ஒன்று பரோட்டாக் கடை மாடியில் இருந்தது. அங்கே படித்த சாவிகள் எந்தப் பூட்டையும் திறந்ததில்லை. ஆனால் எந்தப் பூட்டுக்குள் போய் வந்தாலும் அங்கே இரண்டு நாள் சால்னா மணக்கும்.

செம்பகவல்லி படித்தது பெரிய கல்லூரியில். அவள் ஒரு பித்தளைச் சாவி. அவள் அப்பா ஒரு பித்தளைக் குடம். மகளைச் சாவியாக்குவதற்காகத் தன் வாயையும் கழுத்தையும் வெட்டிக் கொடுத்தவர். ஒரு சாவிக்கு அவ்வளவு பித்தளை வேண்டியதில்லை. மீதி கல்லூரியின் வாசல் வளைவுக்குப் போயிற்று. முன்பு பதினாலு லிட்டர் பிடித்தவர் இப்போது ஒன்பதரைதான் பிடிக்கிறார். யாராவது விசாரித்தால், "கழுத்து என்னத்துக்குங்க? தூக்குறவங்க இடுப்புலதான வச்சுக்கிறாங்க" என்பார்.

அந்தக் கல்லூரியின் முதல்வர் ஆளுயர அட்டைச் சாவி. குலுக்கலில் கார் விழுந்தவர்கள் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்கென்று செய்யப்பட்டவர். உயரம் ஆறடி இரண்டங்குலம். மேலே தங்கக் காகிதம். எந்தப் பூட்டுக்குள்ளும் அவர் நுழைந்ததில்லை. நுழைய வேண்டுமானால் கதவோடு சுவரையும் இடிக்க வேண்டும்.

தேர்வுக்கென்று கல்லூரியில் ஒரு பூட்டு இருந்தது. எட்டு ஆண்டில் பதினெட்டாயிரம் சாவிகள் போய் வந்ததில் அதன் உள்தகடெல்லாம் தேய்ந்து போய்விட்டது. கடைசியில் எதைச் செருகினாலும் திறந்துகொண்டது. ஒரு தடவை தேர்வு மேற்பார்வையாளரின் டீக் கரண்டி தவறி அதற்குள் போய்விட, கரண்டிக்கும் இரண்டாம் வகுப்பு கிடைத்தது.

செம்பகவல்லி கரண்டியைவிட நன்றாகப் படித்தவள். அவளுடைய ஐந்து பற்களில் மூன்றாவது பல்லின் மேல் 'முதல் வகுப்பு' என்று முத்திரை குத்தினார்கள்.

பட்டமளிப்பு அன்று முதல்வர் பேசினார். "செல்வங்களே, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பூட்டுக்குள் போய் வந்தால் உடம்பில் கீறல் விழும். வெளியே வந்ததும் அதைத் துடைத்து மெருகு போட்டுவிடுங்கள். கீறல் விழுந்த சாவியை எந்தப் பூட்டும் மதிக்காது. என்னைப் பாருங்கள், என் மேல் ஒரு கீறல் உண்டா?"

கைதட்டல் அடங்கியதும் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மெருகுத் துணி கொடுத்தார்கள். நான்கு ஆண்டுப் படிப்பில் இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஊரில் ஓர் ஆணை இருந்தது. ஓராண்டில் ஒரு பூட்டையாவது திறக்காத சாவி உலைக்குப் போக வேண்டும். ஓராண்டாகத் திறக்காத பூட்டை அறுத்துப் போட வேண்டும். இரண்டையும் நிறைவேற்றுகிறவன் ஒருவன்தான். அவன் பெயர் ரம்பம். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். ஆனால் படிவம் நிரப்பாமல் ஓர் இழுப்புக்கூட இழுக்க மாட்டான்.

செம்பகவல்லி மறுநாளே வேலை தேடப் புறப்பட்டாள். முதலில் ஒரு கிடங்குப் பூட்டு.

"அனுபவம் உண்டாம்மா?" என்று அது கேட்டது.

"இப்பதாங்க ஐயா படிச்சு முடிச்சேன்."

"மூணு பூட்டாவது திறந்திருக்கணுமே."

"முதல் பூட்டைத் திறக்க விட்டாத்தானேங்க ஐயா மூணாவதுக்குப் போகலாம்?"

"வாய் நல்லாத் திறக்குது. பூட்டு திறக்குதான்னு பார்ப்போம், வா."

உள்ளே போனாள். திரும்ப முயன்றாள். 'கர்ரக்' என்று எங்கோ இடித்தது.

"எங்கங்க ஐயா இடிக்குது?"

"அதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. பிறகு தெரிவிக்கிறோம்."

வெளியே வந்தாள். துணியை எடுத்தாள். பளபளவென்று துடைத்துக்கொண்டு அடுத்த பூட்டுக்குப் போனாள்.

இப்படியே ஓராண்டு போயிற்று. பூட்டுகள் இருநூற்றுப் பதினேழு ஆயின. இடையில் கல்லூரி அவளைக் கூப்பிட்டு ஆறு வாரம் கூடுதல் பயிற்சி கொடுத்தது. பூட்டுக்குள் நுழையுமுன் வணக்கம் சொல்வது எப்படி, இடித்தால் முகம் சுளிக்காமல் இருப்பது எப்படி என்று அதில் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பின் அவளை வெளியே தள்ளிய பூட்டுகள் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளின.

கடைசி நாள் வந்தது. நாலு மணிக்கு அவளுடைய ஓராண்டு முடிகிறது. "இன்னைக்கு ஏதாவது நடக்கும் பாரு" என்றார் அப்பா. கழுத்து இல்லாததால் அவர் குரல் இப்போதெல்லாம் நேராக வயிற்றிலிருந்தே வந்தது. சரியென்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

ஊர்க்கோடியில் ஒரு புது ஆலை இருந்தது. உள்ளே இருநூறு இயந்திரங்கள் உறை பிரிக்காமல் ஓராண்டாகக் காத்திருந்தன. வாசல் கதவில் தொங்கியவர் துரைக்கண்ணு, ஒன்றரைக் கிலோ பூட்டு. முன்னூற்று நாற்பது சாவிகளை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். ஊரில் தகுதியான சாவியே இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். அவருக்கும் அன்று நாலு மணிக்கு ஓராண்டு முடிகிறது. அதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேச மாட்டார்.

அதே கதவின் கீலில் ஏறி உட்கார்ந்து சர்ரு சர்ரென்று உரசிக்கொண்டிருந்தாள் அங்காயி. அவள் ஓர் அரம். செம்பகவல்லி சேர்ந்த அன்றே அந்தக் கல்லூரிக்கு அவளும் மனு போட்டவள். "சாவி என்றால் ஐந்து பல். உனக்கு எண்ணவே முடியவில்லையே" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கீல்களைச் சீவிப் பிழைத்தாள்.

மணி இரண்டே காலுக்குச் செம்பகவல்லி துரைக்கண்ணுவுக்குள் போனாள். இரண்டு பதினேழுக்கு 'கர்ரக்'.

"போம்மா. பிறகு தெரிவிக்கிறோம்."

"பிறகுன்னு ஒண்ணு எனக்கு ஏதுங்க ஐயா? நாலு மணிக்கு ரம்பம் வந்துருவானே."

துரைக்கண்ணு வளையத்தை இறுக்கிக்கொண்டார். அவள் படியில் இறங்கி உட்கார்ந்தாள். கை தானாகத் துணியை எடுத்தது.

"ஏ புள்ள, நிறுத்து!" என்று மேலேயிருந்து கத்தினாள் அங்காயி. "என்ன பண்ற நீ?"

"பார்த்தாத் தெரியலையா? கீறலைத் துடைக்கிறேன்."

அங்காயி கீலிலிருந்து பொத்தென்று குதித்துத் துணியைப் பிடுங்கினாள். "அடிப் பாவி. கதவு எங்க இடிக்குதோ அந்த இடத்துல கீல்மேல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் சீவுறேன். கோட்டைத் துடைச்சுட்டா நான் எதைப் பார்த்துச் சீவ, உன் மூஞ்சியவா? இதுவரைக்கும் எத்தனை பூட்டு போயிட்டு வந்த?"

"இதோட இருநூத்திப் பதினெட்டு."

"எல்லாத்துலயும் கீறல் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. இது ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் துடைச்சுட்டேன்."

"எங்க இடிக்குதுன்னு இருநூத்திப் பதினெட்டு பேரும் உன் மேலயே எழுதி அனுப்பியிருக்கான். நீ படிக்காமயே அழிச்சிருக்க. நாலு வருசம் படிச்ச புள்ளைடி நீ!"

செம்பகவல்லி குனிந்து தன்னைப் பார்த்தாள். ஐந்தாவது பல்லின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. அதை மெதுவாக அங்காயியின் முன் நீட்டினாள். சர்ரு, சர்ரு என்று இரண்டு இழுப்பு. இரண்டு சிட்டிகைப் பித்தளைத் தூள் படியில் உதிர்ந்தது.

திரும்பப் போய் நின்றதும் துரைக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தடவை விட்டதே பெரிசு. வந்து வந்து போக இது என்ன பள்ளிக்கூடமா? தயாரா வர்ற சாவிதான் எனக்கு வேணும்."

"அண்ணே, முன்னூத்தி நாப்பது பேர்ல யாராச்சும் தயாரா வந்தாங்களா?" என்றாள் அங்காயி.

"வரலை. அதான் சொல்றேன், கல்லூரி சரியில்லை."

"சரியில்லைன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நாலு மணிக்கு வளையம் அறுந்து விழும். அப்புறம் உங்களைக் காகிதம் பறக்காம இருக்க மேசையில வைப்பாங்க."

துரைக்கண்ணு செம்பகவல்லியின் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, நான் வளைஞ்சு கொடுத்து உன்னைச் சீவ விடுறேன்னே வச்சுக்க. நாளைக்குப் பக்கத்து ஆலைக்காரன் கூப்பிட்டான்னு நீ போயிட்டா?"

"உங்களுக்குன்னு சீவின பல்லோட அங்க போய் நான் என்னங்க ஐயா செய்ய?" என்றாள் செம்பகவல்லி. "அங்கயும் மறுபடி முதல்ல இருந்து சீவணும். அவரும் உங்களை மாதிரிதான் கேட்பாரு, இது பள்ளிக்கூடமான்னு."

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்.

இரண்டாம் தடவை இடித்தது. மூன்றாம் தடவை இடித்தது. ஆனால் இப்போது துரைக்கண்ணு அவளை வெளியே தள்ளவில்லை. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்மா. இந்தா, இங்கதான், நல்லாக் குத்துது" என்று தானே சொல்ல ஆரம்பித்தார். தனக்குள் எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கோடு விழுந்தது, அங்காயி சீவினாள். ஒன்பதாம் தடவை வெளியே வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. கோடு மூன்றாவது பல்லில் விழுந்திருந்தது. சரியாக முத்திரையின் மேல்.

அங்காயியின் கை நின்றது.

"வேற பல்லுல சீவ முடியாதா?" என்று கேட்டாள் செம்பகவல்லி.

"இடிக்கிறது இங்கதானே புள்ள."

"முத்திரை உள்ள சாவிக்கு உலையில தனித் தட்டுடி. முதல் வகுப்புத் தட்டு. இது போச்சுன்னா, திறக்கவும் திறக்காம, ஆணி திருகாணியோட என்னையும் சேர்த்துக் கொட்டிருவாங்க."

"தனித் தட்டுல உருகினா சுகமா இருக்குமா?"

செம்பகவல்லி படியில் கிடந்த தூளைப் பார்த்தாள். அது அப்பாவின் கழுத்து. இவ்வளவு பித்தளையை அவர் ஒரு முத்திரை குத்துவதற்காக வெட்டிக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது பல்லை நீட்டினாள்.

பத்தாவது தடவைக்கு முன் 'முதல்' போயிற்று. இடித்தது. பதினொன்றாவது தடவைக்கு முன் 'வகு' போயிற்று. உள்ளே பாதி வரை திரும்பினாள், நின்றுவிட்டாள். மணி மூன்று ஐம்பது. தெருமுனையில் ரம்பம் வரும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு இழுப்பு. மெதுவா" என்றார் துரைக்கண்ணு.

அங்காயி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள்.

பன்னிரண்டாவது தடவை செம்பகவல்லி உள்ளே போனாள். திரும்பினாள். எங்கும் இடிக்கவில்லை. முழுச் சுற்றும் சுற்றினாள். 'டக்' என்று ஒரு சத்தம். தேர்வுப் பூட்டில் அவள் கேட்டேயிராத சத்தம். துரைக்கண்ணுவின் வளையம் துள்ளி எழுந்தது. கதவு தன் பாட்டில் ஒரு சாண் நகர, உள்ளே இருநூறு இயந்திரங்களும் ஒரே நேரத்தில், "யாரு?" என்றன.

"சாவி!" என்று கத்தினாள் செம்பகவல்லி. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

சரியாக நாலு மணிக்கு ரம்பம் வந்து நின்றான். திறந்திருந்த பூட்டைப் பார்த்தான். சுற்றிவந்து மறுபக்கமும் பார்த்தான். அறுக்க ஒன்றுமில்லாததால் முகம் தொங்கிப்போய்ப் படிவத்தை விரித்தான்.

"திறந்த சாவி பெயர்?"

"செம்பகவல்லி."

"வகுப்பு?" அவளைத் திருப்பிப் பார்த்தான். மூன்றாவது பல்லில் மிஞ்சியிருந்தது 'ப்பு' மட்டும். "ப்பு-ன்னா என்ன வகுப்பு?"

"ஊதித் தள்ளிட்டு எழுதுங்கண்ணே" என்றாள் அங்காயி.

ரம்பம் அவளை முறைத்தான். "முத்திரை இல்லாத சாவியை நான் எப்படிப் பதிய? எந்தக் கல்லூரியில படிச்ச?"

செம்பகவல்லி வாயைத் திறக்குமுன் துரைக்கண்ணு முந்திக்கொண்டார்.

"இங்கதான்."

"இங்கயா? எவ்வளவு நாள்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"எத்தனை தடவை தேர்வு எழுதினா?"

"பன்னெண்டு தடவை. பதினோரு தடவை ஃபெயில்."

"பன்னெண்டாவது?"

"அதுல நாங்க ரெண்டு பேருமே பாஸ்" என்றார் துரைக்கண்ணு.