நேற்றைய பட்டியலில் இல்லாத குரல்

2023 ஜூலை 11, காலை பத்து மணி. கணினியின் காப்பு வட்டில், நாளுக்கு ஒன்றாக அன்றன்றைய கோப்புகளின் நிலையைப் பதிந்துவைத்த ஸ்னாப்ஷாட்டுகள் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு இருந்தன. ஒன்றைக்கூட அழிக்கவிடாதவர் சூசைநாயகம்.

தூத்துக்குடிப் பக்கம் மீனவர்களுக்கான சின்ன வானொலி நிலையம் அது. பதிவுகளுக்கெல்லாம் ஐம்பத்தேழு வயது சூசைநாயகம்தான் பொறுப்பு. கணினி கற்றுக்கொடுக்க வந்த நிலோஃபருக்கு இருபத்தொன்பது. டீச்சரம்மா என்று முதலில் கிண்டலாகக் கூப்பிட்டார். பிறகு அதுவே பழகிவிட்டது.

வட்டு நிறைந்து பத்தொன்பது நாளாகக் காப்பு எடுக்க முடியவில்லை. கடைசி முப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கச் சொன்னார் நிலோஃபர். சூசைநாயகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னைய அழிங்க டீச்சரம்மா. நெறைய எடம் கெடைக்கும்.”

அவர் பயம் ஒரு கோப்பைப் பற்றியது. 2019 ஆகஸ்டில் கடலில் காணாமல் போன ஆன்றோவின் கடைசி வயர்லெஸ் பேச்சு. நாற்பத்து மூன்று வினாடி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19 அன்று அவன் தாய் மரியபுஷ்பம் வந்து கேட்டுவிட்டுப் போவார். காப்பு எடுக்கும்போது மாறிய கோப்பு மட்டும்தான் புதிதாக ஏறும். ஆன்றோவின் பேச்சு மாறவே இல்லை. ஆகவே அது முதல் ஸ்னாப்ஷாட்டில்தான் கிடக்கிறது என்று நம்பியிருந்தார்.

நிலோஃபர் எழுந்து போய், ஆணியில் குத்தியிருந்த நிகழ்ச்சிப் பட்டியல்களில் ஆகப் பழையதை உருவிக் கிழித்தார்.

“இதுல இருந்த மாதா பாட்டு சிடி அலமாரியில இருக்கா, அண்ணாச்சி?”

“இருக்கும். நேத்துப் பட்டியல்லயும் அந்தப் பாட்டு உண்டே.”

“எந்தப் பட்டியல்லயும் இல்லன்னா?”

“சிடியத் தூக்கிப் போட்டுருவோம்.”

“ஸ்னாப்ஷாட்டும் பட்டியல்தான், கோப்புதான் சிடி. ஏதாவது ஒரு பட்டியல்ல இருந்தாப் போதும், கோப்பு போகாது.”

சூசைநாயகத்துக்கு மூச்சு வந்தது. மவுசைப் பிடித்தார். நிலோஃபர் அதன் மேல் கையை வைத்தார்.

“ஆன்றோ பேச்சு கடைசிப் பட்டியல்ல இருக்கா?”

ஏப்ரலில் கணினியில் இடம் போதாமல் 2019 பதிவுகள் மொத்தத்தையும் நீக்கியது சூசைநாயகமேதான். அதற்குப் பிறகு எடுத்த எந்த ஸ்னாப்ஷாட்டிலும், கடைசி முப்பது உட்பட, அவை இல்லை.

“காப்புல இருக்குன்னுதானே அழிச்சேன், டீச்சரம்மா.”

“நாம வச்சுக்காதத அது எத்தன நாளைக்கு வச்சிருக்கும், அண்ணாச்சி?”

பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து பேச்சைத் தேடியெடுத்துக் கணினியில் திரும்ப வைக்க அரைமணி ஆனது. பிறகு பழைய ஸ்னாப்ஷாட்டுகளைச் சூசைநாயகமே அழித்தார். முப்பது மிஞ்சின.

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு மரியபுஷ்பம் வந்தார். நாற்பத்து மூன்று வினாடி கேட்டார். போனார்.