நெருப்பு முளைத்த நிலம் யாருடையது?

"சாமி, ஊர்ல இத்தனை வயல் கிடக்க, என் வயல்ல ஏன் எரிமலை முளைக்கணும்?"

கேட்டவர் உடையப்பன். சிஷ்யர்தான், ஆனால் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

முந்தாநாள் உழும்போது மாடு காலை வைக்க மறுத்தது. உழவுசாலில் புகை வந்தது. பொழுது சாய்வதற்குள் வைக்கோல் போர் உயரத்துக்கு மண் எழும்பி நெருப்பைக் கக்கியது. இப்போது கோபுர உயரம். நாற்றங்கால், கிணறு, ஒன்றும் மிச்சமில்லை.

ஊர் கூடித் தீர்ப்பும் சொல்லிவிட்டது. முதலில் யார் மண்ணில் வெடித்ததோ அந்தக் குடும்பம் நாளைக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். பாவம் அவர்களோடு போய்விடுமாம். நல்ல நியாயம்.

"எங்க வெடிச்சுது?" என்றார் குரு.

"வரப்பிலிருந்து ரெண்டடி. என் பக்கம்."

சொல்லிவிட்டு உடையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையில அது என் தம்பி சடையன் மண்ணு, சாமி."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வருஷா வருஷம் வரப்பு வெட்டும்போது தன் பக்கம் நாலு விரல் சீவி, அந்த மண்ணைத் தம்பி பக்கம் அப்பி, வரப்பையே தம்பி வயலுக்குள் நகர்த்தியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷம். அடப்பாவி, அஞ்சடிக்கு மேல் ஆகிறது. தம்பி ஊரைக் கூட்டிக் கேட்டபோது, கோயில் வாசலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, அத்தனையும் தன் மண் என்று சத்தியம் செய்தார். சடையன் பொய்யன் என்ற பேரோடு வீடு திரும்பினான். அவன் மகளுக்கு வந்த சம்பந்தமும் அதோடு நின்றது.

குரு எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"சத்தியம் பண்ணின வாயால நான் எப்படி மாத்திப் பேசுறது? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, அது சடையன் மண்ணுதான்னு."

"அப்ப அவன் பெண்டு பிள்ளையோட ஊரை விட்டுப் போவான்."

"அவன் மண்ணு. அவன்தானே போகணும்?"

குரு எழுந்தார்.

"அன்னைக்குச் சூடம் அணைச்சது எந்தக் கை?"

உடையப்பன் வலது கையை நீட்டினார்.

குரு அந்தக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். தூரத்தில் மலை எரிந்துகொண்டிருந்தது.

"என் வார்த்தையெல்லாம் எடுபடாது. உங்க ஊர் சத்தியத்தைத்தான் நம்பும். போய் அதை அணைச்சுட்டு வாங்க."