தேன்புழுப் பொரியலும் செம்புக்குள் நின்ற மாப்பிள்ளையும்

தொங்கலூர்க்காரர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்த ஊர்ச் சடையப்பனுக்கு மேல்மலை வீராயி என்றால் உயிர். வீராயிக்கும் அவன் மேல் ஆசைதான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆனால் மேல்மலையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுக்கும் முன் தகப்பன் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார். அந்த வீட்டு ஆண்கள் தங்கள் கையாலேயே தேனடை எடுத்து, அதிலிருக்கும் தேன்புழுவைப் பொரித்து அவருக்குப் பரிமாற வேண்டும். இலை காலியானால் கல்யாணம். மிச்சம் வைத்தால் எழுந்து போய்விடுவார். வீராயியின் அப்பா கருத்தமாயன் ஏற்கெனவே இரண்டு வீட்டில் மிச்சம் வைத்துவிட்டு வந்த மனுஷன்.

சடையப்பனுக்குத் துணையாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் தாய்மாமன் முத்திருளன், இன்னொருவன் சிநேகிதன் ஒச்சப்பன். ஊரிலேயே விவரமானவர்கள் என்று பேர். அந்தப் பேரை வைத்ததும் அவர்கள்தான்.

வீராயி சந்தையில் சடையப்பனைப் பிடித்து நிறுத்திப் பொறுமையாகச் சொன்னாள்.

“புகை போடுங்க. ஈயெல்லாம் எந்திரிச்சுப் போனதும் அடையை அறுங்க. கண்ணு வச்ச புழு வேணாம், வெள்ளையா இருக்கிற இளம்புழுதான் ருசி. பாதியைத் தேனீக்குன்னு விட்டுரணும், அது எங்க மலை வழக்கம். சின்ன வெங்காயம், காஞ்ச மிளகா, உப்பு. வேற எதையும் போட்டுத் தொலைக்காதீங்க.”

“இவ்வளவுதானா?” என்றான் சடையப்பன்.

“இவ்வளவுதான்,” என்றாள் வீராயி. சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஒரு தரம் சொன்னாள்.

ஆற்றங்கரை மருத மரத்தில் அடை தொங்கியது. மூவரும் போய்ப் புகை போட்டார்கள். தேனீக்கள் ஒன்று விடாமல் எழுந்து போயின. ஒச்சப்பன் அரிவாளை ஓங்கினான். முத்திருளன் அவன் கையைப் பிடித்தார்.

“பொறுடா. வீட்டுல ஆள் இல்லாத நேரம் பாத்துக் கைவச்சா, அதுக்குப் பேரு என்ன?”

“களவு.”

“கல்யாணம் பேசுற நேரத்துல களவு நல்லதா?”

“நல்லதில்ல மாமா,” என்று சடையப்பனும் ஒத்துக்கொண்டான்.

உடனே நெருப்பை அணைத்துவிட்டு, தேனீக்கள் திரும்பி வரட்டும் என்று உட்கார்ந்தார்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு சடையப்பன் மரமேறி, அடைக்கு முகத்தை நெருக்கமாக வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வீராயி விஷயத்தை ஆதியோடந்தமாக எடுத்துச் சொல்லிவிட்டு அறுத்தான். தேனீக்கள் சொன்ன பதில் மூன்று பேர் முகத்திலும் எழும்பியது. ஆனாலும் பையன் அடையைக் கீழே போடவில்லை. அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சிக்கல். கண்ணு வச்ச புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

“விரலைக் காட்டிக் கேளு. தெரிஞ்சாச் சொல்லட்டும்,” என்றார் முத்திருளன்.

ஒச்சப்பன் ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்து இரண்டு விரலைக் காட்டினான். “எத்தனை?” புழு பேசவில்லை. கண் இல்லை என்று முடிவாகிச் சட்டிக்குப் போனது. இப்படியே ஒவ்வொன்றாகப் பரீட்சை நடந்தது. நடுவில் ஒரு புழு மட்டும் கேள்வி கேட்டதும் தலையைத் திருப்பிவிட்டது.

“மாமா, இது பாக்குது!”

முத்திருளன் நெடுநேரம் தாடையைத் தடவினார். “பாத்திருந்தா எண்ணிக்கை சொல்லியிருக்கும்ல. உன் சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கு. காது உள்ள புழு வேணாம்னு வீராயி சொன்னாளா?”

“சொல்லலையே.”

அதுவும் சட்டிக்குப் போனது. அதிர்ஷ்டம், அந்த அடையில் இருந்ததெல்லாம் வெள்ளைப் புழுதான். சடையப்பன் வெங்காயத்தையும் மிளகாயையும் உப்பையும் தவிர வேறெதையும் தொடாமல் பொன்னிறமாக வறுத்து எடுத்தான். வாசனை தெருவெல்லாம் போனது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

“ஐயையோ, தேனீ பங்கு! மரத்துலயே விட்டுருக்கணும்!”

“பதறாத மாப்ள,” என்றார் முத்திருளன். “பொரிச்சதுல பாதி கொடுத்தாப் போச்சு.”

பாதிப் பொரியலை வாழையிலையில் வைத்து, குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய், கிளையில் மொய்த்துக்கொண்டிருந்த தேனீக்களை மூவரும் வருந்தி வருந்திச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வருகிற வரைக்கும் விடவில்லை. வந்தன.

“உப்பு பத்தலையோ?” என்று கேட்டுக்கொண்டே ஓடினான் சடையப்பன்.

கருத்தமாயன் மகளோடு வந்தபோது வாசலில் மூன்று பூசணிக்காய் முகங்கள் வரவேற்றன. வீராயிக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. பெரியவர் நேராகப் போய் இலையில் உட்கார்ந்தார். முதல் வாய் வைத்தார், மென்றார், யோசித்தார். பிறகு அவர் தலை நிமிரவே இல்லை. கடைசி வெங்காயத் துணுக்குவரை வழித்துச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்.

“பொண்ணைக் கொடுக்கிறேன். உங்கள்ல மாப்பிள்ளை யாருப்பா?”

கை கழுவத் தண்ணீர்ச் செம்பை ஏந்தி நின்ற சடையப்பன் சந்தோஷத்தில் குனிந்தான். பளபளவென்று தேய்த்த செம்பில் ஒரு முகம் தெரிந்தது. முன்னே பின்னே பார்த்திராத முகம்.

“மாமா, இதுல யாரோ நிக்கிறாரு.”

முத்திருளன் எட்டிப் பார்த்தார். “ஆமா. பெரிய இடத்துப் பிள்ளை போல. கன்னத்துச் செழிப்பைப் பாரு.”

சடையப்பன் செம்பைக் கீழே வைத்துவிட்டு விம்மினான். “பெரியவரே, நான் நின்ன இடத்துல இப்ப அவருதான் நிக்கிறாரு. அவருக்கே கட்டிக் கொடுங்க. வீராயி வசதியா இருந்தா எனக்கு அதுவே போதும்.”

குரலை வைத்து வீராயி ஆளைக் கண்டுகொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “சரிப்பா, அந்தச் செம்புக்குள்ள இருக்கிறவரையே கட்டிக்கிறேன்,” என்றாள். தட்டு மாற்றினார்கள்.

கல்யாண நாளுக்குள் வீக்கமெல்லாம் வடிந்துவிட்டது. மேளம் முழங்க வீராயி மணையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மணை காலி. உள்ளே மூவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாக்குக் கொடுத்தது அவருக்கு. நீ போய் உக்காந்தா ஆள் மாறாட்டம் மாப்ள.”

“அவரை எங்க போய்த் தேடுறது மாமா?”

“அன்னிக்கு எங்கிருந்து வந்தாரு?” என்று கேட்டான் ஒச்சப்பன்.

சேதி தெரிந்து வீராயி மாலையும் கழுத்துமாக ஆற்றங்கரைக்கு ஓடினாள். பட்டு வேட்டியோடு சடையப்பன் மருத மரக் கிளையைப் பிடித்து, மொய்க்கும் தேனீக்களுக்கு முகத்தைக் கொடுத்தபடி தொங்கிக்கொண்டிருந்தான். ஒச்சப்பன் கீழிருந்து செம்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

முத்திருளன் திரும்பி, “வந்துட்டாரும்மா, வந்துட்டாரு,” என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு மேலே பார்த்துக் கத்தினார். “இடது கன்னம் அவரேதான் மாப்ள! அப்படியே வலது பக்கத்தையும் காட்டு!”