மகாராசா மீசைப் பாட்டு

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டைச் சீமையை இளஞ்சிங்க ராசா என்று ஒருத்தர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், உச்சிக்கு அது சட்டமாகிவிடும், சாயங்காலம் அதை மாற்றுவதற்குள் மந்திரி ஆளுடையாருக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அந்தச் சமயம் ஊரெல்லாம் செங்கமலத்தின் பாட்டுதான். செங்கமலம் கும்மிக் கூட்டம் வைத்திருந்தவள். அவளே பாட்டுக் கட்டி, பறையும் உறுமியும் கூட்டி, சந்தைதோறும் ஆடிப் பாடினாள். ஆளுடையாருக்கும் அதில் ஒரு மெட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு நாள் சபையில் ஓலை பார்த்துக்கொண்டிருந்தவர் தன்னை அறியாமல் அதை முணுமுணுத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்தவர் ஆஸ்தான வித்வான் பஞ்சநதம். மந்திரிக்கு ராசா தரும் மரியாதையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர். சும்மா விடுவாரா? உடனே எழுந்து, சந்தைக் கூச்சல் சபைக்குள்ளேயே வந்துவிட்டது, அதுவும் மந்திரி வாய் வழியாக வந்துவிட்டது என்று முறையிட்டார். ராசாவின் தகப்பனார் பெரிய ராசா காலத்துப் பாட்டென்ன, இப்போது கேட்கிற இரைச்சலென்ன என்று உருகினார்.

ராசாவுக்கு அது இனித்தது. அவருக்கும் தலை நரைத்துக்கொண்டிருந்தது, புதிய பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. தைப்பூசத்தோடு புதுப்பாட்டுக்குத் தடை, செங்கமலமும் கூட்டமும் சீமையை விட்டே போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மந்திரி வாய் திறந்தார்.

"உமக்கு அந்தப் பாட்டு அவ்வளவு உசத்தியோ? அப்படியானால் அவர்களோடு நீரும் கிளம்பும்" என்றார் ராசா.

ஆளுடையார் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பதவி போவதைவிட, ஒரு பாட்டுக்காக முப்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வருவதுதான் அவரை அரித்தது. எதிர்த்துப் பேசினால் ராசா இன்னும் முறுக்கிக்கொள்வார். ஒத்துப்போனால்?

மறுநாள் சபையில் கைகட்டி நின்றார். பழைய பாட்டுதான் உசத்தி என்று தமக்கும் படுகிறது, போவதற்கு முன் அதை ஒரு தரம் காதாரக் கேட்டுவிட்டுப் போகிறேன், ராசா பட்டத்து இளவரசராக இருந்தபோது ஒரு வருஷம் ஊரில் பாடப்பட்ட பாட்டை எல்லாம் ஒன்று விடாமல் பாடவைக்க உத்தரவு வேண்டும், மகாராணியும் கூட இருந்து கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ராசாவுக்கு ஒரே குஷி.

அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து வந்தார்கள். முதலில் வந்தது ஓடக்காரன் பாட்டு. ராசா கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணில் நீர் கோத்தது. பஞ்சநதம் மந்திரியைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து வந்தது பட்டத்து யானைக்குப் பல்வலி வந்த பாட்டு. அதற்கடுத்து கருவாட்டுக் குழம்பைப் பற்றி நாற்பது அடி. பிறகு, ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும் பாட்டொன்று. ராசா முதலில் சிரித்தார், பிறகு நெளிந்தார், பிறகு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து திறந்து மூடினார். அப்போது ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்:

*மன்னர் மகன் மீசையிலே மயிலாடுது பார்,*
*மறுபக்க மீசையிலே குயில் பாடுது பார்.*

மகாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்தும். இந்தக் கண்றாவியைக் கட்டினது யார்?" என்றார் ராசா.

கிழவர் வெள்ளந்தியாக வித்வானைக் கைகாட்டினார். சின்ன வயசில் சன்மானத்துக்காகக் கட்டியது என்று பஞ்சநதம் மென்று விழுங்கினார்.

ராசா மந்திரி பக்கம் திரும்பினார். "எங்கள் காலத்தில் இவ்வளவு குப்பையா இருந்தது?"

"எல்லாக் காலத்திலும் இருக்கிறது, மகாராசா. குப்பையை நாம் மறந்துவிட்டோம், ஓடக்காரன் பாட்டை மறக்கவில்லை. இன்றைய பாட்டில் குப்பை அப்படி உதிர இன்னும் நாள் ஆகவில்லை."

ராசா லேசில் விடுகிறவர் இல்லை. இருக்கட்டும், ஓடக்காரன் பாட்டைக் கேட்டால் மயிர்க்கூச்செறிகிறதே, புதுசில் ஒன்றாவது அப்படிச் செய்யுமா என்றார். அந்தப் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று ஆளுடையார் மெதுவாகக் கேட்டார். ராசாவின் முகம் இளகிவிட்டது. கல்யாணம் முடிந்து ராணியை அழைத்து வந்த படகில் கேட்டதாகச் சொன்னார்.

மந்திரி ராணியைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயே, அந்தப் படகில் பெரிய ராசாவும் வந்தார்களே. அவர்களுக்குப் பாட்டு பிடித்ததா?"

ராணி தயங்கினாள், அப்புறம் சிரித்துவிட்டாள். "மாமா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்தார். எங்கள் காலத்துப் பாட்டு எங்கே, இந்தக் காட்டுக்கத்தல் எங்கே, இவனைத் தண்ணீரில் பிடித்துத் தள்ளுங்கள் என்றார். நீங்கள்தான் அவர் காலைப் பிடித்து அந்த ஓடக்காரனைக் காப்பாற்றினீர்கள்."

ராசா மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

தடை அங்கேயே போயிற்று. தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். தைப்பூசத்தன்று ஊர் கூடிய இடத்தில் பஞ்சநதம் தம் மீசைப் பாட்டைத் தாமே பாடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவரும் பாடினார், சனங்கள் கும்மி அடித்தார்கள்.

அதன்பின் செங்கமலம் மேடை ஏறினாள். முதல் பாட்டு முடிந்ததும் ராசா மந்திரி காதோரம் குனிந்து, உள்ளதைச் சொன்னால் தமக்கு இது பிடிக்கவில்லை என்றார். பிடிக்கவேண்டாம் மகாராசா, பாடினால் போதும் என்றார் ஆளுடையார். இரண்டாவது பாட்டுக்கும் ராசா முகம் சுளித்தார்.

மூன்றாவது பாட்டு முடிந்து, அவள் கும்பிட்டு இறங்கப்போனாள். ராசா எங்கேயோ பார்த்தபடி மந்திரியின் கையைத் தொட்டார்.

"அந்தக் கடைசி அடியை மட்டும் இன்னொரு தரம் பாடச் சொல்லும்."