ஜுலைஹாவைத் தெரியாத டாக்டர்

மருந்து குடிப்பவள் ஒருத்தி. கசக்கிறது என்று சொல்பவள் இன்னொருத்தி. இந்த இருவரும் யார், சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியவில்லையா? குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். அறைக்கு அறை இருக்கிறார்கள். மகளும் தாயும்தான்.

ஜுலைஹாவும் அவள் உம்மா மைமூனும் அப்படித்தான். முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறந்தவள் ஜுலைஹா. எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான். சிறுநீர் கழிக்க டியூப் போட வேண்டும். அதை அவளே பழகிக்கொண்டாள். ஆனால் டாக்டர் ஏதாவது கேட்டால் பதில் உம்மாவிடமிருந்துதான் வரும்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. வருகிற செவ்வாய் முதல் பெரியவர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 

கைக்குழந்தையிலிருந்து தன்னைப் பார்த்துவரும் டாக்டர் செல்வநாயகியிடம் கேட்டாள்.

"அங்க என்னை யாருக்குமே தெரியாதே டாக்டர். நான் எப்படிப் போறது?"

டாக்டர் எழுந்து வெளியே போனார். கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"நான் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

ஜுலைஹாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இவளுக்கு முதுகுல..." என்று உம்மா ஆரம்பித்தாள்.

"நீங்களா பேஷண்ட்?"

உம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"முதுகைப் பார்க்கணும்" என்ற டாக்டர் இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். அதில் இருந்தது ரப்பர் கையுறை.

ரப்பர் பட்டால் ஜுலைஹாவுக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு முட்டும். அது தெரிந்த நாளிலிருந்து அவளைப் பார்க்கும்போது டாக்டர் ரப்பர் கையுறையை எடுத்ததே இல்லை.

டாக்டர் உறையைக் கிழிக்கப் போனார். ஜுலைஹா உம்மாவைப் பார்த்தாள். உம்மா டாக்டரைப் பார்த்தாள். 

டாக்டர் உறையைப் பிரிக்காமலே திரும்ப உள்ளே வைத்தார்.

"ஏன் சொல்லலை?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"புது டாக்டருக்கு?"

"உம்மா சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு டாக்டரம்மா" என்றாள் உம்மா. "கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜுலைஹா சக்கர நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் அங்கயே வந்துட்டா என்ன டாக்டர்?"

"எனக்கு ஊசியைப் பார்த்து அழற பிள்ளைங்கதான் சரிப்படும். அங்க மீசை வச்சவங்க அழுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடும்."

ஜுலைஹாவும் சிரித்தாள். ஆனாலும் விடவில்லை.

"உங்களுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே."

"ரெண்டு வயசுல நீ பலூனை வாயில வச்சப்ப உதடு வீங்குச்சு" என்றார் டாக்டர். "அதை நான் பார்க்கலை. உங்க உம்மா வந்து சொன்னாங்க. அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

ஜுலைஹா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணும்னா செவ்வாய்க்கிழமை நானும் கூட வரேன்" என்றார் டாக்டர். "யார் வரணும்னு நீயே சொல்லு."



டாக்டர் வர வேண்டாம் என்றாள் ஜுலைஹா. உம்மா வரட்டும், தான் கூப்பிடும்வரை கதவுக்கு வெளியே இருக்கட்டும் என்றாள்.