மேடு ஏறாத மின்சைக்கிள்

இந்தக் கதை எனக்கு நேரடியாகக் கிடைத்ததல்ல. மினி லாரி ஓட்டும் சகாயம் அண்ணன், என் அப்பாவோடு சரக்கு ஏற்றி இறக்கப் போகிறவர், ஒரு மழை நாளில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னது. பாதி அவர் கண்ணால் பார்த்தது. மீதி, பொன்னுரங்கம் அவரிடம் சொன்னது.

மலைச்சரிவில் ஒரு சின்ன ஆசிரமம். அதன் குரு தையல்நாயகிக்கு முப்பத்தாறு வயது. சீடர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரு சீடரை 'ஐயா' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். புதிதாக வருகிறவர்கள் பொன்னுரங்கத்தின் காலில் விழப் போய், அவர் பதறிப் பின்வாங்குவது அங்கே வழக்கமான வேடிக்கை.

பொன்னுரங்கம் கரூரில் சாப்பாட்டுக் கடை வைத்து மூடியவர். அடுத்து கோழிப்பண்ணை வைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. இவர் கை பட்டால் ஓடுகிற கடிகாரமும் நின்றுவிடும் என்று மைத்துனர்கள் சிரித்துக்கொண்டே சொன்னதை, இவர் சிரிக்காமல் நம்பிவிட்டார். ஆசிரமத்துக்கு வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், அதை மட்டும் விடவில்லை.

மலைமேல் இருக்கும் ஊருக்கு வாராவாரம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோவது அவர் வேலை. நடந்தே போய்வந்தார். முழங்கால் தேய்ந்ததைக் கேள்விப்பட்ட திண்டுக்கல் டயர் வியாபாரி ஒருவர், மலையேறும் மின்சைக்கிள் ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கி அனுப்பினார். தடித்த டயர். மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும்.

பொன்னுரங்கத்துக்கு அது தள்ளவில்லை. விளக்கு எரியும், திரையில் ஏதோ ஒரு எண் மினுங்கும், மோட்டார் மட்டும் பேசாது. இரண்டு மிதி மிதிப்பதற்குள் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இறங்கித் தள்ளினால் அடம்பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இருக்கும்.

அவர் சும்மா இருக்கவில்லை. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றினார். அதைக் கழற்றி, முனைகளைத் துணியால் துடைத்து மாட்டினார். காற்றடித்தார். வேகத்தை அளக்கும் பின்சக்கரத்துக் காந்தம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வண்டி விற்ற கடைக்காரர் போனில், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். அணைத்தார், போட்டார். அணைத்தார், போட்டார். அதே எண்தான் மினுங்கியது.

கோளாறு என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், மாற்றித் தருகிறேன் என்று வியாபாரி சொல்லிவிட்டார். சகாயத்தின் லாரி வருவதாக ஏற்பாடு. அதே லாரியில் தானும் இறங்கிவிடுவது என்று பொன்னுரங்கம் முடிவு செய்தார். வண்டியை மாற்றித் தரலாம். தன்னை யார் மாற்றித் தருவார்கள்?

காலையில் லாரி வந்தது. பொன்னுரங்கம் முதலில் தன் துணிப்பையைத்தான் அதில் வைத்தார்.

தையல்நாயகி அதைப் பார்த்தார்.

"பையும் ரிப்பேரா, ஐயா?"

பொன்னுரங்கம் தலை குனிந்தார். "வண்டி மேல குத்தம் இல்லம்மா. என் கை ராசி."

சகாயம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று அவருக்குச் சைகை காட்டிவிட்டு, தையல்நாயகி வண்டியைத் தான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ப்ளஸ் ஒன் படித்தபோது பள்ளியில் கொடுத்த சைக்கிளுக்குப் பிறகு அவர் எதையும் ஓட்டியதில்லை. எந்தப் பொத்தான் என்று பொன்னுரங்கம் காட்டினார். தையல்நாயகி அதை அமுக்கினார். பிறகு வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, புடவையை ஒதுக்கி, அந்த உயரமான கம்பியைத் தாண்டிக் காலைப் போடுவதற்குள் சகாயம் ஒரு கொட்டாவியே விட்டுவிட்டார்.

வண்டி கிளம்பியது. வாசலிலிருந்தே தொடங்கும் மேட்டில், எண்ணெய் விட்டதுபோல் ஏறி, வளைவுவரை போய்த் திரும்பியது.

"சாமி, வண்டிக்கு உங்க மேலதான் கோவம்போல" என்றார் சகாயம்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பொன்னுரங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடம் மனதுக்குள் இருந்தது இப்போது சாட்சியோடு நிரூபணமாகிவிட்டது. அணைத்த வண்டியை வாங்கி அவரும் ஒருமுறை ஏறினார். எண் மினுங்கியது. மோட்டார் பேசவில்லை.

"போதும்மா. நான் கெளம்புறேன்."

"போகலாம். எப்படி ஏறுறீங்கன்னு மட்டும் மெதுவா காட்டிட்டுப் போங்க."

வண்டியை அணைத்துவிட்டு அவர் காட்டினார். கதவுத் தூணில் தோளைச் சாய்த்து, பிரேக்கை இறுகப் பிடித்து, வலது காலை மிதியில் வைத்து முழு பலத்தோடு அழுத்தியபடி, பொத்தானுக்கு விரலை நீட்டினார்.

"எதுக்கு இப்பவே மிதிக்கிறீங்க?"

"மேடும்மா. தயாரா இருக்கணும்ல."

"காலை எடுங்க."

"விழுந்துருவேன்."

"நான் பிடிச்சிருக்கேன்."

குழந்தைக்குச் சைக்கிள் பழக்குவதுபோல் சீட்டுக்குப் பின்னால் தையல்நாயகி பிடித்துக்கொண்டார். சகாயமும் ஒரு கை கொடுத்தார். பொன்னுரங்கம் இரண்டு காலையும் எடுத்தார். அவை அந்தரத்தில் தொங்கின. பொத்தானை அமுக்கினார். விளக்கு வந்தது.

"மிதிக்கவா?"

"இருங்க."

எண் எதுவும் மினுங்கவில்லை.

"இப்ப வைங்க."

லேசாகத்தான் வைத்தார். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் வண்டி முன்னால் போனது. வளைவில் திரும்புவார் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. மேலே, மரங்களுக்கு நடுவில், சட்டை மட்டும் தெரிந்து மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மலைமேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததாகச் சகாயம் சொல்கிறார். அது பொன்னுரங்கத்தின் சிரிப்புதானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

திரும்பி வந்தபோது பொன்னுரங்கத்துக்கு வியர்க்கவே இல்லை. ஊர்வரை போயிருக்கிறார். அங்கே எல்லாரும் கை நீட்டிய பிறகுதான், மருந்துப் பெட்டி ஆசிரமத்திலேயே இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது.

சகாயம் சிரித்தபடி லாரியிலிருந்து துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தார். பொன்னுரங்கம் தடுக்கவில்லை. ஆனால் அவர் மனம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

"அம்மா, காலை எடுத்தா மட்டும் ஏன் ஓடுது?"

"தெரியாது, ஐயா."

"அப்ப இத்தனை நாளும் எது குத்தம்? வண்டியா, நானா?"

தையல்நாயகி மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் வைத்தார்.

"அது தெரிஞ்சாத்தான் மேல போவீங்களா?"

பொன்னுரங்கம் பெட்டியைக் கட்டினார். காலைத் தரையில் ஊன்றி, பொத்தானை அமுக்கிவிட்டு, காத்திருந்தார்.

சகாயம் அண்ணன் இதைச் சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன். பிறகு இப்படிப்பட்ட வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். எல்லா வண்டியும் அப்படியல்ல, சில வண்டிகள் அப்படித்தான் என்றார். கால் அழுத்துகிற பாரத்தை அளந்துதான் அவற்றின் மோட்டார் தள்ளும். பொத்தானை அமுக்கி இயக்கும் அந்த நொடியில் மிதிமேல் எவ்வளவு பாரம் இருக்கிறதோ, அதை ஒன்றுமில்லை என்று அவை எடுத்துக்கொள்ளுமாம்.